மொட்டைமாடி ஏசி வேலையும் அமீரகத்தின் மதிய இடைவேளை விதியும்

ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 மணியிலிருந்து 3 மணி வரை, நேரடி வெயிலிலும் திறந்தவெளியிலும் தொழிலாளிகளிடம் வேலை வாங்கக் கூடாது. கட்டடத் தொழிலாளிகளுக்கு இது மனப்பாடம். வீடு வீடாகப் போகும் ஏசி மெக்கானிக்குகளில் சிலர்தான், சாரத்தில் நிற்பவர்களுக்கான சட்டம் இது, நமக்கில்லை என்று எண்ணி உச்சிவெயிலில் வில்லாவின் மொட்டைமாடிக்கு ஏறிவிடுகிறார்கள். விதி தொழிலின் பெயரைப் பார்ப்பதில்லை. வேலை எங்கே, எத்தனை மணிக்கு நடக்கிறது என்பதைத்தான் பார்க்கிறது.

"ஏசி நின்றுவிட்டது, வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது" என்று வாடிக்கையாளர் பதறுவார். மேற்பார்வையாளரும் "அவசர வேலைக்கு விலக்கு உண்டு" என்பார். விலக்கு உண்டுதான். தள்ளிப்போட முடியாத தார் போடுதல், கான்கிரீட் கொட்டுதல், குடிநீரோ மின்சாரமோ தடைபட்டு மக்கள் பாதிக்கப்படும்போது செய்யும் பழுதுநீக்கம் போன்றவை அதில் வரும். தனியொரு வீட்டின் ஏசி கோளாறு அந்தப் பட்டியலில் சொல்லப்படவில்லை. "கெபாசிட்டர் மாற்றப் பத்து நிமிடம்தானே" என்ற சமாதானத்துக்கும் விதியில் இடமில்லை. அந்த நேரத்தில் மாடியில் கிடக்கும் ஸ்பேனரைக் கையுறையில்லாமல் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பத்து நிமிடம் என்றால் என்னவென்று. தலைக்கு மேலே வெயில், காலடியில் தளத்தின் அனல், பக்கத்து அவுட்டோர் யூனிட்டுகள் முகத்தில் தள்ளும் சூடான காற்று.

வேலையைப் பிரித்துக்கொண்டால் யாருக்கும் நட்டமில்லை. ஃபில்டர் கழுவுதல், டிரெயின் குழாய் அடைப்பு, தெர்மோஸ்டாட் வயரிங், இண்டோர் யூனிட்டின் மோட்டார் ஆகியவற்றை மதியத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அவுட்டோர் காயில் கழுவுவது, கேஸ் நிரப்புவது எல்லாம் காலையில் அல்லது மூன்று மணிக்குப் பிறகு. உச்சிவெயிலில், சூட்டை வெளியேற்றும் கண்டென்சர் திணறி கேஸின் அழுத்தம் ஏறியே நிற்கும் என்பதால், அழுத்தம் காட்டும் கேஜைப் பார்க்கவும் காலை நேரமே நல்லது. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே தவழ்ந்து செய்யும் வேலையைப் பற்றி இந்த விதி பேசவில்லை. ஆனால் பாதுகாப்பான பணிச்சூழலைத் தருவது முதலாளியின் சட்டக் கடமை. அந்தப் புழுக்கத்தில் இடையிடையே இறங்கி வர அனுமதி கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

இடைவேளையில் ஓய்வெடுக்க நிழலான இடம், விசிறி போன்ற குளிர்விக்கும் வசதி, போதிய குடிநீர், முதலுதவிப் பொருட்கள் ஆகியவற்றை நிறுவனம் தர வேண்டும். நாள் முழுக்கச் சுற்றும் வேன் மெக்கானிக்குக்கு நிழல் எங்கே என்ற கேள்வியை, ஜூன் பிறக்கும் முன்பே நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள்.

சம்பளத்திலும் கவனம் தேவை. மதியம் விட்ட நேரத்தை ஈடுகட்ட இரவு வரை வேலை நீளக்கூடும். பொதுவாக ஒரு நாளைய வேலை நேரம் 8 மணிதான். அதற்கு மேல் உழைத்த நேரத்துக்கு, அடிப்படைச் சம்பளக் கணக்கில் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும். இரவு 10 மணிக்கும் அதிகாலை 4 மணிக்கும் இடையே என்றால் 50 சதவீதம். முறைவைத்து ஷிப்டில் வேலை செய்பவர்களுக்கு மட்டும் இந்த இரவுக் கணக்கு பொருந்தாது.

விதியை மீறும் நிறுவனத்துக்கு ஒரு தொழிலாளிக்கு 5,000 திர்ஹாம் அபராதம். பலர் என்றால் அதிகபட்சம் 50,000. அபராதம் கட்டுவது நிறுவனம், நீங்கள் அல்ல. மனிதவள அமைச்சகத்தின் 600590000 என்ற எண்ணில் புகார் செய்யலாம். எந்த இடம், எந்தத் தேதி, எத்தனை மணி என்பதைக் குறித்துவைத்திருங்கள். வேலையை ஒதுக்கி வந்த வாட்ஸ்அப் செய்தியையும் அழிக்காதீர்கள்.

அடுத்த நாட்டுக்கு மாறிப் போகிறவர்கள் நேரத்தைப் புதிதாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை, காலை 10 மணியிலிருந்து 3.30 வரை தடை. குவைத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் முடிய, 11 மணியிலிருந்து 4 மணி வரை.