வலி இல்லை என்று கையை ஊன்றி எழாதீர்கள்

பாத்ரூமில் வழுக்கி விழுந்து, தோள் எலும்பு நொறுங்கி, மாற்று மூட்டு வைத்துக்கொண்ட ஒரு அம்மா மூன்றாவது வாரம் என்னிடம் வந்தார். "வலியே இல்ல சார்" என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே நாற்காலிக் கைப்பிடியில் அந்தக் கையை ஊன்றி எழப் போனார். நான் ஓடிப்போய்த் தடுத்தேன்.

பிசியோதெரபிஸ்டாக எனக்குப் பயம் தருவது வலியில்லாத இந்த நாட்கள்தான். வலி சீக்கிரம் குறைந்துவிடுகிறது, உள்ளே தைத்தது அவ்வளவு சீக்கிரம் ஒட்டுவதில்லை. சாதாரண மாற்று மூட்டில் பெரும்பாலும் தோளின் முன்பக்கத் தசைநாரைப் பிரித்து உள்ளே போய், மூட்டைப் பொருத்திவிட்டு மறுபடி தைக்கிறார்கள். அது பிடிக்க ஆறு வாரமாவது வேண்டும். அதற்குள் கையை ஊன்றி எழுந்தால், கனமான கதவைத் தள்ளினால், தையல் பிய்ந்துபோகலாம்.

அந்த அம்மாவுக்கு வைத்தது ரிவர்ஸ் மூட்டு. தோள் மூட்டு என்பது கிண்ணத்துக்குள் உருளும் பந்து மாதிரி. இதில் பந்து இருந்த இடத்தில் கிண்ணம், கிண்ணம் இருந்த இடத்தில் பந்து. பிரான்சில் பால் கிராமோன் என்ற சர்ஜன் 1980களில் கொண்டுவந்த வடிவம். தோளைச் சுற்றியுள்ள சின்னத் தசைநார்கள் கெட்டுப்போனாலும், மேலே இருக்கும் டெல்டாய்டு தசையை வைத்தே கையைத் தூக்கலாம். ஆனால் கையை ஊன்றி எழுந்தாலோ, கை முதுகுக்குப் பின்னால் போனாலோ இந்த மூட்டு நழுவக்கூடும். புடவையைப் பின்னால் சொருகுவது, முதுகைத் துடைப்பது, கழிவறையில் கழுவுவது எல்லாமே கை பின்னால் போகும் அசைவுதான். இதை யாரும் வெட்கப்பட்டுக் கேட்பதில்லை, அதனால் நானே சொல்லிவிடுகிறேன்: சுமார் மூன்று மாதம் அதற்கு மற்றக் கைதான், கஷ்டமாக இருந்தால் ஹேண்ட் ஷவர் வைத்துக்கொள்ளுங்கள். மல்லாந்து படுக்கும்போது முழங்கைக்குக் கீழே மடித்த துண்டு வையுங்கள், படுத்தபடியே முழங்கை உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

அதற்காகக் கையைக் கட்டிப்போட்டு வைத்திருக்கவும் கூடாது. விரல், மணிக்கட்டு, முழங்கை முதல் நாளிலிருந்தே அசையட்டும். டாக்டர் சரி என்றதும் ஊசல் பயிற்சி: நல்ல கையை மேஜையில் ஊன்றிக் குனிந்து, இந்தக் கையைத் தொங்கவிட்டு, இடுப்பை மட்டும் மெதுவாக ஆட்டுங்கள், கை தானாக ஆடும். பலர் கையையே வேகமாகச் சுழற்றுகிறார்கள், அது தப்பு. அப்புறம் மேஜையில் துண்டு விரித்து, கையை அதன்மேல் வைத்து முன்னே நகர்த்துவது. வீட்டில் யாராவது எண்ணெய் தடவி "கொஞ்சம் இழுத்துவிடறேன்" என்று வந்தால் தயவுசெய்து விடாதீர்கள்.

ரப்பர் பட்டை, எடை எல்லாம் பெரும்பாலும் மூன்று மாதத்துக்குப் பிறகுதான். கண்ணாடி முன் நின்று கையை உயர்த்துங்கள். தோள் காதை நோக்கி ஏறுகிறதா? அப்படியானால் அந்த எடை இப்போதைக்கு அதிகம், குறையுங்கள். பலம் மெல்லத்தான் வரும், ஒரு வருடம் வரைகூடக் கூடிக்கொண்டே போகும்.

முதல் முறை பிசியோவுக்குப் போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் போங்கள். எந்த வகை மூட்டு, எதைத் தைத்தார்கள் என்று தெரியாமல் பயிற்சி ஆரம்பிக்கவே கூடாது, ஒவ்வொரு சர்ஜனின் கணக்கும் கொஞ்சம் மாறும். காய்ச்சல், தையலில் சிவப்பு அல்லது நீர்க்கசிவு, நேற்று தூக்கிய கை இன்று திடீரென்று எழவில்லை, தோளின் வடிவமே மாறித் தெரிகிறது என்றால் அடுத்த செக்கப் தேதி வரை காத்திருக்காதீர்கள், அன்றைக்கே சர்ஜனிடம் காட்டுங்கள்.