விறகு எரியும் இடத்தில் ஹீட் பம்ப்பை விற்க முடியுமா?

பசுமைத் தொழில்நுட்பத்தில் இறங்கும் புது நிறுவனங்களின் தொழில் திட்டங்களைப் படித்து, கடன் கொடுப்பவர்களுக்கும் முதலீடு செய்பவர்களுக்கும் கருத்துச் சொல்வது என் வேலை. சில மாதங்களுக்கு முன் கோவையிலிருந்து இரண்டு இளம் பொறியாளர்கள் வந்தார்கள். அவர்கள் செய்திருந்தது தொழிற்சாலைக்கான ஹீட் பம்ப். ஃப்ரிட்ஜ் உள்ளே இருக்கும் சூட்டை உறிஞ்சி வெளியே தள்ளுகிறதே, அதே வேலைதான். கழிவாக ஓடும் வெதுவெதுப்பான தண்ணீரிலிருந்து சூட்டை எடுத்து, வேறு தண்ணீரை 80 டிகிரி வரை சுட வைக்கும். ஒரு யூனிட் மின்சாரம் கொடுத்தால் ஏறக்குறைய மூன்று யூனிட் வெப்பம் கிடைக்கும். இயந்திரம் நன்றாகவே வேலை செய்தது.

சிக்கல் திட்டத்தின் நான்காம் பக்கத்தில் இருந்தது. நாட்டில் உள்ள ஆலைகள் எல்லாம் வெப்பத்துக்காகச் செலவழிக்கும் தொகை என்று ஒரு பிரம்மாண்டமான கோடிக் கணக்கு. அதன் கீழே, "இதில் 1 சதவீதம் பிடித்தாலே போதும்."

இந்த 1 சதவீதத்தை நான் பல திட்டங்களில் பார்த்துவிட்டேன். பார்க்க அடக்கமான எண். ஆனால் அந்த 1 சதவீதத்துக்குள் இருப்பவர் யார், எந்த ஊர்க்காரர், இன்றைக்கு எதை எரிக்கிறார் என்று கேட்டால் பதில் வராது. அவர்களிடமும் வரவில்லை. "முதல்ல யாருக்கு விக்கப் போறீங்க?" என்றேன். "திருப்பூர் டையிங் யூனிட்டுக்குத்தான் சார்" என்றார்கள். அடுத்த வாரமே மூவரும் கிளம்பிப் போனோம்.

நாங்கள் போன சாயப்பட்டறையில் பாய்லருக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு விறகு அடுக்கியிருந்தது. பெரும்பாலும் சீமைக் கருவேலம். ஒருவர் கதவைத் திறந்து நாலு கட்டையை உள்ளே தள்ளிவிட்டு, அழுத்தம் காட்டும் முள்ளை ஒருமுறை பார்த்துவிட்டு மூடினார். முதலாளி பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "வெறகு டன்னு அஞ்சாயிரத்துக்கு வந்து எறங்குதுங்க தம்பி. உங்க மிஷினு அதைவிடக் கம்மியா சுடுதண்ணி குடுக்குமா?"

அங்கேயே, அவர் மேசை மீதே கணக்குப் போட்டோம். ஓரளவு காய்ந்த விறகு ஒரு கிலோவில் 3,000 கிலோகலோரி இருக்கும். பாய்லரில் வீணாவது போக 2,000 தண்ணீருக்குப் போய்ச் சேரும் என்று வையுங்கள். 860 கிலோகலோரி ஒரு யூனிட்டுக்குச் சமம் என்பதால், ஒரு கிலோ விறகில் சுமார் 2.3 யூனிட் வெப்பம். கிலோ 5 ரூபாய் என்றால் யூனிட்டுக்கு 2 ரூபாய் 15 பைசா. ஹீட் பம்ப்புக்கு மின்சாரம் எல்லாக் கட்டணமும் சேர்த்து 8 ரூபாய் என்று வைத்தால், மூன்றால் வகுக்க 2 ரூபாய் 67 பைசா ஆகிறது. இயந்திரத்தை இலவசமாகவே இறக்கிக் கொடுத்தாலும் மாதாமாதம் அவருக்கு நட்டம்தான்.

பையன்கள் இருவரும் பேசவில்லை. நான் அதே தாளில் இன்னொரு வரி எழுதினேன். விறகுக்குப் பதில் எல்பிஜி. ஒரு கிலோவில் 11,000 கிலோகலோரி, வீணாவது போக ஏறத்தாழ 10.9 யூனிட். வணிக சிலிண்டர் கிலோ 95 ரூபாய் என்று வைத்தால் யூனிட் 8 ரூபாய் 70 பைசா. அதே இயந்திரம், அதே மின்கட்டணம். இங்கே செலவு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்குகிறது.

சந்தை எவ்வளவு பெரியது என்ற கேள்விக்கு விடை இந்த இரண்டு வரிக்கு நடுவில்தான் இருக்கிறது. எத்தனை ஆலை இருக்கிறது என்பதைவிட, எது எரிகிறது என்பதை எண்ண வேண்டும்.

எரிபொருளோடு முடிவதில்லை. பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்ற 60 டிகிரி போதும், வெளுப்பதற்கு 95-ஐ ஒட்டி வேண்டும், பாலியெஸ்டருக்கு 130, ஸ்டென்டர் என்ற உலர்த்தும் இயந்திரத்தில் துணியைக் காயவைக்க 150-ஐத் தாண்டும். ஆக, வெப்பத்தில் ஒரு பகுதிக்குத்தான் ஹீட் பம்ப் உதவும். பாய்லர் அங்கேயே நிற்கும். அடுத்து, கூடுதல் மின்பளு வாங்க வைப்புத்தொகை கட்ட வேண்டும். சில இடங்களில் டிரான்ஸ்பார்மரையே மாற்ற வேண்டியிருக்கும்.

திருப்பூரில் சாதகமான ஒன்றும் உண்டு. 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவுநீரை ஒரு சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்திகரித்தே ஆக வேண்டிய நிலை. சுத்திகரிக்கும் நுண்ணுயிரிகளும் ஆர்.ஓ. சவ்வுகளும் 40 டிகிரிக்கு மேல் சரியாகத் தாங்காது. சூடான கழிவுநீரைக் குளிர வைக்கும் செலவை ஹீட் பம்ப் மிச்சம் பிடிக்கும். ஆனால் சுடுகழிவின் சூட்டைப் பச்சைத் தண்ணீருக்கு மாற்றிவிடும் ஒரு சாதாரண ஹீட் எக்ஸ்சேஞ்சரும் அதில் பெரும்பகுதியைச் செய்துவிடும். பல பட்டறைகளில் அது ஏற்கெனவே இருக்கிறது. போட்டியாளர் பட்டியலில் அதைச் சேர்க்காத திட்டத்தை நான் நம்ப மாட்டேன்.

இன்னொரு பிழை, இருப்பதையும் விற்பதையும் குழப்புவது. ஒரு பாய்லர் 15, 20 வருடம் ஓடும். நமக்குப் பொருந்தும் ஆலை 400 இருந்தால், பழையதை மாற்ற வேண்டிய கட்டாயம் வருடத்துக்கு 20, 25 பேருக்குத்தான் வரும். நன்றாக ஓடுவதைக் கழற்றிவிட்டு நம்முடையதை வாங்க வேண்டும் என்றால், போட்ட பணம் இரண்டு மூன்று வருடத்தில் திரும்பும் என்று காட்ட வேண்டும். வருடத்துக்கு எத்தனை இயந்திரம் என்பதுதான் சந்தை.

சுற்றுச்சூழல் கணக்கும் இதேபோல் ஊதிப் போய்விடுகிறது. சீமைக் கருவேலம் வெட்டினால் மறுபடி தழைக்கும். எரித்த கரியமில வாயுவில் கணிசமான பங்கை மீண்டும் இழுத்துக்கொள்ளும். அந்த விறகை நிறுத்திவிட்டு, நிலக்கரியில் தயாரான மின்சாரத்தில் ஹீட் பம்ப் ஓட்டினால் பூமிக்கு என்ன லாபம்? சொந்தக் காற்றாலை வைத்திருக்கும் பின்னலாடைக்காரர்கள் இந்தப் பக்கத்தில் நிறைய உண்டு. அவர்களிடம் மட்டும் இரண்டு கணக்கும் நம் பக்கம் திரும்பும். எனக்கு இது மிகவும் முக்கியம். ஊதிய கணக்கை நம்பி வாங்கிய ஒருவர் கைசுட்டுக்கொண்டால், அந்தத் தெருவில் அடுத்த பத்து வருடத்துக்கு நல்ல இயந்திரத்தைக்கூட யாரும் உள்ளே விட மாட்டார்கள்.

நான்காம் பக்கத்தை அவர்கள் கிழித்துவிட்டார்கள். இப்போது ஆலைகளை ஒவ்வொன்றாக நேரில் பார்த்து, மூன்று மாத எரிபொருள் பில்லைக் கேட்டு வாங்குகிறார்கள். எல்பிஜியிலோ டீசலிலோ வெந்நீர் போடும் மருத்துவமனைகள், விடுதிகள் முதல் வரிசையில் வந்துவிட்டன. அடுத்த வரிசையில் பால் ஆலைகள்: பாலை 72 டிகிரிக்குச் சூடாக்கி, உடனே 4 டிகிரிக்குக் குளிர வைக்கும் இடம். சூடும் குளிரும் ஒரே நேரத்தில் தேவைப்படுகிற இடத்தில் ஹீட் பம்ப்பின் இரண்டு பக்கமும் வேலை செய்யும். போன வாரம் அவர்களில் ஒருவரிடம் தொலைபேசியில் பேசியபோது பட்டியலில் 31 பெயர்கள் இருந்தன. அவற்றில் 9 இடத்தில் கணக்கு ஒத்துவருகிறதாம். "அந்த ஒம்பது பேர்ல இந்த வருஷம் வாங்கக்கூடியவங்க எத்தனை பேரு?" என்று கேட்டேன். "நாலு சார்" என்றார், பெயர்களோடு.