கறுத்த எண்ணெயை யாரிடம் கொடுப்பது?

அல்சூரில் நான் வழக்கமாகப் போண்டா வாங்கும் கடையின் அண்ணனிடம், பொரித்து மிஞ்சிய எண்ணெய்க்கான சட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. அவர் சொன்னார்: "ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல எண்ணெய் ஊத்துறவங்களுக்குத்தானே அந்தச் சட்டம்? நமக்கென்னங்க?" பெங்களூரில் கடை வைத்திருக்கும் நம்மவர்கள் பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள். அது பாதிதான் சரி.

விதிகள் இரண்டு. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ விதித்த முதல் விதி 2018 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. திரும்பத் திரும்பக் காய்ச்சும் எண்ணெயில் 'போலார் காம்பவுண்ட்' என்ற கழிவுச் சேர்மங்கள் ஏறிக்கொண்டே போகும். அவை மொத்தம் 25 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் அந்த எண்ணெயில் எதையும் பொரிக்கக் கூடாது. தள்ளுவண்டியானாலும் நட்சத்திர ஓட்டலானாலும் இதில் விலக்கு இல்லை. கையடக்க மீட்டரைச் சட்டிக்குள் விட்டால் அளவு தெரிந்துவிடும். மீட்டர் இல்லாவிட்டால் கண்ணும் மூக்கும்தான்: நிறம் கறுத்து, நுரை அடங்காமல், சட்டென்று புகைந்தால் மாற்றிவிடுங்கள்.

அண்ணன் சொன்ன 50 லிட்டர் கணக்கு 2019 மார்ச் 1 முதல் வந்தது. அந்த அளவைத் தாண்டுகிறவர்கள் ஊற்றியது எவ்வளவு, கழித்தது எவ்வளவு, யாரிடம் கொடுத்தார்கள் என்று தினமும் எழுதிவைக்க வேண்டும்.

இப்படிக் கழித்த எண்ணெயைச் சேகரித்து பயோடீசலாக்கும் திட்டத்துக்குப் பெயர் 'ரூகோ'. நாய்க்குட்டிக்கு வைத்த பெயர் போல இருந்தாலும் வேலை உருப்படியானது. ஆலையில் எண்ணெயோடு மெத்தனால் என்ற ஆல்கஹாலும், காஸ்டிக் சோடா போன்ற காரமும் கொஞ்சம் சேர்த்தால் கிளிசரின் பிரிந்துவிடும், மிச்சம் பயோடீசல். அதை எண்ணெய் நிறுவனங்கள் வாங்கி டீசலில் கலக்கின்றன. 2030-க்குள் 5 சதவீதம் கலப்பது தேசிய உயிரி எரிபொருள் கொள்கையின் இலக்கு.

அப்போ வடிகட்டி நேராக வண்டியிலேயே ஊற்றிவிடலாமே என்று கேட்பார்கள். வேண்டாம். சமையல் எண்ணெய் டீசலைவிடப் பல மடங்கு கெட்டி. இன்ஜினுக்குள் எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டரில் கரி படிந்து அடைத்துக்கொள்ளும், மெக்கானிக் செலவு தனி.

டின்னோடு வந்து காசு கொடுத்து அள்ளிப்போகிறவரிடம் ரூகோ பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள், ரசீதும் வாங்குங்கள். இல்லையென்றால் அதே எண்ணெய் இன்னொரு கடைச் சட்டிக்குப் போய்ச் சேரலாம்.

கொடுப்பதற்கு முன் ஆறவைத்து, தூளை வடிகட்டி, ஈரமில்லாத கேனில் ஊற்றி மூடுங்கள். தண்ணீர் கலந்த எண்ணெயைக் காய்ச்சினால் ஆலையில் பயோடீசலுக்குப் பதில் சோப்புதான் திரளும்.