ஹோம் ரன்: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

1974 ஏப்ரல் 8, அட்லாண்டா. பேஸ்பால் ஆட்டத்தில் ஹாங்க் ஆரன் மட்டையால் அடித்த பந்து இடப்புற வேலியைத் தாண்டிப் போய் விழுந்தது. அது அவருடைய 715ஆவது ஹோம் ரன். பழைய நட்சத்திரம் பேப் ரூத்தின் 714 என்ற சாதனை பின்னுக்குப் போனது. பந்துதான் வெளியே போய்விட்டதே, அப்படியே நின்றுவிடலாமா? முடியாது. மைதானத்தில் இருக்கும் மூன்று தளங்களையும் ('பேஸ்') மிதித்துச் சுற்றி வந்து, புறப்பட்ட இடத்தில் பதித்திருக்கும் ஐங்கோண ரப்பர்ப் பலகையையும் மிதித்தால்தான் ஓட்டம் கணக்கில் ஏறும். கூட்டத்திலிருந்து குதித்த இரண்டு இளைஞர்கள் பாதி வழியில் அவர் தோளைத் தட்டியபடி கூடவே ஓடினார்கள். கறுப்பர் ஒருவர் ரூத்தை முந்துவதா என்று மிரட்டல் கடிதங்கள் வந்து குவிந்திருந்த காலம் அது. பலகையை மிதித்தவரை அம்மா வந்து கட்டிக்கொண்டார்.

அந்தப் பலகைதான் ஹோம் பிளேட். பிள்ளைகளின் ஆட்டத்தில் வந்த 'ஹோம்' இது. 1744இல் லண்டனில் வந்த ஒரு சிறுவர் நூலிலேயே, பந்தை அடித்த பையன் அடுத்த கம்பத்துக்கு ஓடிப்போய், அப்புறம் குஷியாக 'ஹோம்' திரும்புகிறான்.

சரி, தமிழில்? 'வீட்டு ஓட்டம்' என்றால் யாரோ வீட்டைவிட்டு ஓடிப்போனதுபோல் இருக்கிறது. 'மனையோட்டம்' என்றால் பிளாட் விளம்பரம்தான் நினைவுக்கு வரும். 'சிக்ஸர்' என்று சொல்லிவிடலாம் என்பவர்கள் உண்டு. ஆனால் சிக்ஸருக்கு எப்போதும் 6 ஓட்டம். ஹோம் ரன்னுக்குத் தளங்களில் ஏற்கெனவே அவருடைய அணியினர் எத்தனை பேர் நிற்கிறார்களோ அதைப் பொறுத்து 1 முதல் 4 வரை. அன்றிரவு தளத்தில் ஒருவர் நின்றதால் ஆரனின் அடிக்கு 2.

நம்மிடம் நெருங்கிய உறவு தாயக்கட்டத்தில் இருக்கிறது. காய் கட்டங்களையெல்லாம் சுற்றி நடுவே போய்ச் சேர்ந்தால் 'பழம்' என்கிறோம். 'ஆரன் 755 பழம் எடுத்தார்' என்று எழுத எனக்கு ஆசைதான், வாசிப்பவர்கள் சிரிப்பார்கள். 'வலம்' என்றும் சொல்ல முடியாது. இவர்கள் ஓடுவது இடமாக.

என் தேர்வு 'முழுச்சுற்று'. ஊரை ஒரு சுற்று அடித்துவிட்டு வந்தேன் என்கிறோம் இல்லையா, அந்த 'அடி' மட்டைக்கும் பொருந்துகிறது, ஓட்டத்துக்கும் பொருந்துகிறது. எழுதிப் பார்க்கிறேன்: ரூத் 1927இல் மட்டும் 60 முழுச்சுற்று அடித்தார். ஆரன் எந்த ஆண்டும் 47ஐத் தாண்டியதில்லை, ஆனால் 1954 முதல் 1976 வரை விடாமல் அடித்து 755இல் நின்றார். ஒரு சுற்றுக்கு 360 அடி தூரம். மொத்தம் ஏறத்தாழ 83 கிலோமீட்டர்.