படம் எடுத்த நிமிடத்தில் கடல் எங்கே இருந்தது?

பத்தாண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு செயற்கைக்கோள் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "பாருங்கள், கரை எவ்வளவு அழிந்துவிட்டது" என்று வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்புவார்கள். செயற்கைக்கோள் படங்களோடு பிழைப்பு நடத்தும் எனக்கு உடனே கை நீளும் இடம் அந்தக் கரை அல்ல, ஓத அட்டவணை: கடல் எந்த நேரத்தில் எவ்வளவு ஏறும், வற்றும் என்ற பட்டியல்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இதே தவறைச் செய்தேன். மேகமில்லாத இரண்டு படங்கள், இரண்டும் ஒரே மாதம். ஒரு சேற்றுவெளியில் கால்வாசி போய்விட்டது என்று அறிக்கை எழுதிக் கொடுத்தேன். படித்த மூத்தவர், "ரெண்டு படத்துக்கும் ஓத உயரம் என்ன?" என்று மட்டும் கேட்டார். நான் பார்த்திருக்கவே இல்லை. பார்த்தபோது ஒரு மீட்டருக்கு மேல் வித்தியாசம். நான் 'அழிந்தது' என்று எழுதிய நிலத்தில் பெரும்பகுதி தண்ணீருக்கு அடியில் பத்திரமாக இருந்தது.

கடல் ஏறும்போது மூழ்கி வற்றும்போது வெளியே வரும் இந்தச் சேற்றுவெளிகள் ஏறக்குறைய தட்டையானவை. ஆயிரம் மீட்டர் நடந்தால் ஒரு மீட்டர் இறங்கும் சரிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். கடல் ஒரு மீட்டர் ஏறினால் நீர்விளிம்பு ஒரு கிலோமீட்டர் நகர்ந்துவிடும். ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-2 எடுக்கும் படத்தில் ஒரு பிக்சல், அதாவது படத்தின் மிகச்சிறு கட்டம், தரையில் 10 மீட்டர். அதாவது ஒரு சென்டிமீட்டர் ஓத வேறுபாடே ஒரு பிக்சலைத் தின்றுவிடும். மண் துளிகூட நகர்ந்திருக்க வேண்டியதில்லை.

அதனால் நாங்கள் ஒற்றைப் படத்தை நம்புவதில்லை. இரண்டு மூன்று ஆண்டுகளின் படங்களை மொத்தமாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் அந்த நிமிடத்தின் ஓத உயரத்தைக் கணித்து ஒட்டி, உயரவாரியாக அடுக்குகிறோம். தொட்டியில் நீர் இறங்க இறங்கச் சுவரில் வளையம் வளையமாகக் கறை படியுமே, அதுபோல ஒவ்வொரு படத்தின் நீர்விளிம்பும் ஒரு சம உயரக் கோடாகிவிடும். கோடுகள் போதுமான அளவு சேர்ந்தால் சேற்றின் மேடுபள்ளமே கிடைத்துவிடும். பிறகு ஒப்பிட வேண்டியது பழைய மேடுபள்ளத்தையும் புதியதையும்தான். 2008-இல் அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் இலவசமாகும் வரை இப்படி நூற்றுக்கணக்கில் படம் வாங்குவது கனவு.

நீர்விளிம்பைக் கண்டுபிடிப்பதும் லேசில்லை. பச்சை ஒளியையும் அண்மை அகச்சிவப்பையும் ஒப்பிட்டு நீரைப் பிரிப்பது வழக்கம். தெளிந்த நீர் அகச்சிவப்பை விழுங்கிக் கறுப்பாகத் தெரியும். ஆனால் வண்டல் கலங்கிய நீர் அதைத் திருப்பி அனுப்பி மண்ணைப் போல நடிக்கும். மெல்லிய நீர்ப்படலம் மினுங்கும் ஈரச்சேறோ நீரைப் போல நடிக்கும். இந்த இரட்டை வேடத்தில் மென்பொருள் மட்டுமல்ல, பழகிய கண்ணும் ஏமாறும்.

இதைவிட நுணுக்கமான சிக்கல் ஒன்று உண்டு. பலர் இதை யோசிப்பதே இல்லை. லேண்ட்சாட், சென்டினல்-2 இரண்டும் எந்த ஊரைக் கடந்தாலும் அங்கே சூரியக் கணக்கில் காலை பத்து, பத்தரை மணிவாக்கில்தான் கடக்கும். நாளுக்கு இரண்டு முறை கடல் ஏறி வற்றும் கரைகளில், அமாவாசை பௌர்ணமியை ஒட்டி வரும் பெருவற்றம் அந்தந்த இடத்தில் எப்போதும் ஏறக்குறைய ஒரே கடிகார நேரத்தில் வரும். அது நாலு மணியாக அமைந்துவிட்டால்? பத்தரை மணிக் கண் எத்தனை ஆண்டு சுற்றினாலும் அந்தச் சேற்றின் அடிவிளிம்பைப் பார்க்காது. ரேடார் செயற்கைக்கோளான சென்டினல்-1 ஆறு மணிவாக்கில் வருவதால் சில கரைகளில் இந்த இடைவெளி நிரம்பும். மேகமும் அதற்குத் தடையில்லை. ஆனால் காற்றடித்து நீர் சிலிர்த்தால் அதற்கும் நீர் எது, சேறு எது என்று குழப்பம்.

இவ்வளவையும் தாண்டித்தான் 2019-இல் நேச்சர் அறிவியல் இதழில் உலகச் சேற்றுவெளி வரைபடம் வந்தது. 7 லட்சத்துக்கும் மேற்பட்ட லேண்ட்சாட் படங்கள். கணக்கிட்ட பரப்பு சுமார் 1,28,000 சதுர கிலோமீட்டர். 1984 முதல் 2016 வரை தொடர்ந்து படம் கிடைத்த பகுதிகளில் 16 சதவீதம் போயிருந்தது. அந்தப் பகுதிகள் உலகப் பரப்பில் ஆறில் ஒரு பங்குதான் என்பதைச் செய்திகள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. சதுப்புநிலம், அலையாத்திக்காடு ஆகியவற்றையும் சேர்த்து 2022-இல் வந்த இன்னொரு கணக்கு, 1999–2019 காலத்தில் 13,700 சதுர கிலோமீட்டர் இழப்பு, 9,700 சதுர கிலோமீட்டர் புது வரவு என்றது. வரவும் இருக்கிறது என்பதை மறைத்தால் அதுவும் பொய்தான்.

சில இழப்புகளுக்கு ஓதத் திருத்தமே வேண்டாம். தென்கொரியாவின் சேமாங்கும் தடுப்புச்சுவர் 33 கிலோமீட்டருக்குக் கடலில் கோடு கிழித்தது போலப் படத்தில் நிற்கும். 2006-இல் அதன் வாய் மூடியது. மஞ்சள் கடல் சேற்றில் இரை தேடி இளைப்பாறும் வலசைப் பறவைகளுக்கு அங்கே ஏற்பட்ட இழப்பு கண்ணுக்கே தெரியும். ஆற்றில் அணை கட்டி வண்டல் நின்றுபோய்ச் சேறு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டராகத் தேய்வதுதான் கண்ணுக்கு எட்டாதது. நான் மேலே சொன்ன பாடெல்லாம் அதற்காகத்தான்.

அடுத்த முறை அப்படி இரட்டைப் படம் வந்தால், அனுப்பியவரிடம் தேதியோடு மணியையும் கேளுங்கள். அது படத்தோடு வரும் தகவல் கோப்பிலேயே நிமிடம் வரை இருக்கும். ஒரு எச்சரிக்கை: அதில் எழுதியிருப்பது உலகப் பொது நேரம். உள்ளூர் நேரம் என்று நினைத்து ஓத அட்டவணையில் தேடினால், ஏற்றத்தை வற்றம் என்று எழுதிவிடுவீர்கள். நான் எழுதியிருக்கிறேன்.