லிமரிக் என்றால் குறும்பா

ஐந்தே வரியில் ஓர் ஆளை அறிமுகப்படுத்தி, வம்பில் மாட்டிவிட்டு, நம்மைச் சிரிக்க வைக்கும் ஆங்கில வேடிக்கைப் பாட்டு லிமரிக். முதல் இரண்டு வரியும் கடைசி வரியும் நீண்டு ஒரே ஒலியில் முடியும். இடையிலுள்ள இரண்டும் குட்டை. அவற்றுக்குத் தனி இயைபு. 1744இல் அச்சேறிய ‘ஹிக்கரி டிக்கரி டாக்’ என்ற குழந்தைப் பாட்டும் ஏறத்தாழ இதே நடைதான்.

லிமரிக் என்பது அயர்லாந்தில் ஷானன் ஆற்றங்கரையில் உள்ள ஊர். விருந்துகளில் ஆளுக்கொரு பாட்டு இட்டுக்கட்ட, ஒவ்வொன்றின் முடிவிலும் ‘லிமரிக்குக்கு வருவாயா?’ என்று எல்லாரும் சேர்ந்து பாடுவார்களாம். அந்தப் பல்லவியே பெயரானது என்பது பரவலான விளக்கம். பாட்டுக்கு இந்தப் பெயர் ஆங்கிலத்தில் நிலைத்தது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான்.

அதனால், இவ்வடிவத்துக்குப் பெரும்புகழ் தேடித்தந்த எட்வர்ட் லியர் தம் பாட்டுகளை லிமரிக் என்று அழைக்கவே இல்லை. அவர் பறவை ஓவியர். டெர்பி பிரபுவின் நோஸ்லி மாளிகைக்கு வரையப் போன இடத்தில் அந்த வீட்டுக் குழந்தைகளை மகிழ்விக்க எழுதிப் படமும் போட்டார். 1846இல் புனைபெயரில் நூல் வந்தது. சொந்தப் பெயர் 1861 பதிப்பில்தான் ஏறியது. லியரின் கடைசி வரி பெரும்பாலும் முதல் வரியின் ஈற்றுச் சொல்லையே திரும்பச் சொல்லும். பின்வந்தவர்கள் குத்தலை அங்கேதான் ஒளித்து வைத்தார்கள். எனக்கு அதுவே சுவை.

தமிழில் இதற்குக் குறும்பா. ஈழக் கவிஞர் மஹாகவி (து. உருத்திரமூர்த்தி) 1966இல் இந்தப் பெயரிலேயே நூல் வெளியிட்டார். அதில் முத்துக்குளிப்பவன் முன் காலன் வந்து நிற்கிறான். அவன் கையில் பத்து முத்தைப் பொத்தி வைத்ததும் போய்விடுகிறான். எமனுக்கே லஞ்சம்! ஆங்கில அசையழுத்தம் தமிழில் எடுபடாது என்பதால் சீரும் ஈற்றியைபுமே ஓசையைத் தாங்குகின்றன.

குறுமை, பா என்று பிரிப்பதே இலக்கணத்துக்குச் சரி. குறும்பிலிருந்து வந்திருந்தால் ‘குறும்புப்பா’ ஆகியிருக்கும். ஆனாலும் காதில் குறும்பும் சேர்ந்தே விழுகிறது. மஹாகவி அறியாமலா வைத்திருப்பார்?

சிலர் ஹைக்கூவையும் குறும்பா என்கிறார்கள். அதற்குத் துளிப்பா இருக்கிறது. மூன்று வரியில் லிமரிக்கின் இயைபை ஏற்றிய ஈரோடு தமிழன்பனின் வடிவத்துக்கும் லிமரைக்கூ என்று தனிப்பெயர் உண்டு. குறும்பாவை லிமரிக்குக்கே விட்டுவிடலாம்.