பெருங்கோமகனாட்சி: ஒரு சொல் விளக்கம்

'கிராண்ட் டச்சி' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? அப்படியே எழுதினால் பலருக்கு டச்சுக்காரர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். அவர்களுக்கும் இந்தச் சொல்லுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. டியூக் ஆளும் நாடு டச்சி. டியூக்குக்கு ஒரு படி மேலே, மன்னருக்கு ஒரு படி கீழே இருப்பவர் கிராண்ட் டியூக். அவர் நாடு கிராண்ட் டச்சி.

ஜெர்மன் மொழியில் இது 'குரோஸ்ஹெர்ட்சோக்டும்'. 'குரோஸ்' என்றால் பெரிய. 'டும்' ஒரு விகுதி. சுவையெல்லாம் நடுவில் உள்ள 'ஹெர்ட்சோக்' என்பதில் இருக்கிறது. பழைய ஜெர்மனில் 'ஹெரி' என்றால் படை. அதோடு இழுத்தல், நடத்திச் செல்லுதல் என்று பொருள்படும் வினை சேர்ந்து, படையை நடத்திச் செல்பவன் ஆயிற்று. டியூக்கின் மூலமான லத்தீன் 'டுக்ஸ்' என்பதற்கும் வழிநடத்துபவன் என்றே பொருள். பிறந்தபோது இது பரம்பரைப் பட்டம் அல்ல, போர்க்களத்து வேலை.

ஆனால் தென்மேற்கு ஜெர்மனியில் இருந்த பாடன் நாட்டுக்கு இந்தப் பட்டம் நெப்போலியன் தயவில் வந்தது. கார்ல் ஃபிரீட்ரிஷ் அங்கே எல்லைப்புறக் கோமானாக இருந்தவர். 1803இல் புனித உரோமைப் பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்களில் ஒருவர் ஆனார். 1806இல் அவருடைய பேரன், நெப்போலியனின் வளர்ப்பு மகள் ஸ்டெஃபனியை மணந்தார். அதே ஆண்டு பாடன், நெப்போலியன் ஆதரவில் ஜெர்மன் நாடுகள் அமைத்த ரைன் கூட்டமைப்பில் சேர்ந்தது. ஜெர்மன் நாடுகளை அதுவரை ஒரு குடைக்கீழ் வைத்திருந்த புனித உரோமைப் பேரரசும் கலைந்தது. தேர்ந்தெடுக்கப் பேரரசரே இல்லாதபோது தேர்வாளர் பட்டம் எதற்கு? கிராண்ட் டியூக் ஆனார்.

ஒரு பட்டத்தில் ஒரு சொல் எவ்வளவு கனக்கும் என்பதைப் பாடன் வரலாறே காட்டுகிறது. 1871 ஜனவரி 18, வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபம். பிரஷ்ய மன்னர் வில்ஹெல்மை ஒன்றுபட்ட ஜெர்மனிக்குப் பேரரசராக அறிவிக்க வேண்டும். அவர் கேட்டது 'ஜெர்மனியின் பேரரசர்'. அது மற்ற ஜெர்மன் அரசர்களின் நிலத்துக்கும் உரிமை கோருவதாகத் தொனிக்கும். அதனால் அவருடைய பிரதமர் பிஸ்மார்க் விட்டுக்கொடுத்தது 'ஜெர்மானியப் பேரரசர்' வரைதான். முதல் வாழ்த்தொலி எழுப்ப வேண்டியவர் பாடன் கிராண்ட் டியூக் முதலாம் ஃபிரீட்ரிஷ், வில்ஹெல்மின் மருமகனும்கூட. இரண்டையும் தவிர்த்து, 'பேரரசர் வில்ஹெல்ம் வாழ்க' என்று முழங்கினார். பிரச்சினை அங்கே தீர்ந்தது.

அந்தப் பேரரசில் கிராண்ட் டச்சிகள் ஆறு: பாடன், ஹெஸ்ஸே, இரண்டு மெக்லென்பர்க்குகள், ஓல்டன்பர்க், கவிஞர் கோதே வாழ்ந்த சாக்சே-வைமார். 1918 நவம்பரில் எல்லாமே முடிந்தன. பாடன் குடியரசாகி, 1952இல் பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் கலந்தது.

தமிழில் என்ன சொல்லலாம்? 'பேரரசு' தவறு, அது கைசரின், அதாவது பேரரசரின், நாட்டுக்கு உரியது. 'சிற்றரசு' அளவைச் சொல்கிறதே தவிரத் தகுதியைச் சொல்லவில்லை. டியூக்கைக் 'கோமகன்' என்பது பழகிய வழக்கு. அரசன் மகன் என்ற பொருள் அதில் ஒட்டிக்கொள்வது குறைதான், என்றாலும் புழங்கிய சொல்லைக் கைவிட எனக்கு மனமில்லை. 'பெரும்' என்ற அடைமொழியும் நமக்குப் புதிதல்ல: சங்ககால மன்னன் பூதப்பாண்டியனின் தேவியைப் பெருங்கோப்பெண்டு என்றே அழைத்தார்கள். ஆகவே கிராண்ட் டியூக் பெருங்கோமகன். அவர் நாடு, முடியாட்சி என்பதுபோல, பெருங்கோமகனாட்சி. இன்று உலகில் எஞ்சியிருக்கும் பெருங்கோமகனாட்சி லக்சம்பர்க் ஒன்றுதான்.